‘நாளையிண்டைக்கு’ என்றால் எந்த நாள்?

சென்ற மாதம் மாத்தளையில் அரசாங்க மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்ற பழைய ஆள் ஒருவன் வந்து நாலு வார்த்தை பேசினால் நன்றாயிருக்கும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஆளுக்கொரு கைபேசி. ஒரு கடிதத்தைப் படம் பிடித்தால் போதும், தமிழ் சிங்களமாகி விழுகிறது. “சேர், இனி எங்களுக்கு வேலையே இல்ல போல,” என்று முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்படியா? இதைத் தட்டிப் பாருங்க,” என்று பலகையில் ஒரு சொல்லை எழுதினேன்: நாளையிண்டைக்கு.

கைபேசி யோசிக்கவேயில்லை. ‘நாளை, இன்று’ என்று சிங்களத்தில் பதில் தந்தது. வகுப்பு தலையாட்டியது. பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. “சேர், அது நாளைக்கு அடுத்த நாள். எங்கட ஊரில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது,” என்றாள்.

எல்லோரும் கைபேசியைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யுத்த காலத்தில் அதே சொல்லுக்குப் பிழையான பொருளை எழுதியவன் நான். அதனால் வடக்கே ஒரு சிறிய முகாம் ஆயத்தமில்லாமல் அடிவாங்கியது. அங்கே இருந்தவர்களில் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்த பெண்ணின் கணவர். இதை இவ்வளவு காலம் நான் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்த அந்த வாரமே பஸ் ஏறி, அந்தப் பெண்ணைத் தேடி பல்லேபொலவுக்குப் போனேன். அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் முன்கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

நான் மாத்தளை நகரத்து முஸ்லிம். வாப்பாவுக்கு மிளகு, சாதிக்காய் வியாபாரம். தமிழ் வீட்டில் வந்தது, சிங்களம் கடையில் வந்தது. இரண்டையும் எழுதத் தெரிந்ததால் மொழிபெயர்ப்பாளர் பரீட்சை எழுதினேன், தேறினேன். கொழும்பில் ஆறு வாரப் பயிற்சி. நீதிமன்றத்திலோ மாவட்டக் கச்சேரியிலோ போடுவார்கள் என்று பார்த்தால், எங்கள் ஊரிலேயே ஒரு பழைய பங்களாவில் போட்டார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. எந்தப் பிரிவு என்று இப்போதும் எழுதமாட்டேன். உம்மாவிடம், “காகித வேலை,” என்று சொன்னேன். பொய் இல்லை.

வேலை இதுதான். வடக்கே எங்கோ ஒரு மேட்டில் சிப்பாய்கள் சிலர் உட்கார்ந்து எதிர்த்தரப்பின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்பார்கள். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. ஆகவே காதில் விழுந்த தமிழ்ச் சத்தத்தை அப்படியே சிங்கள எழுத்தில் எழுதி பெக்ஸில் அனுப்புவார்கள். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டு வந்ததும் இலக்கம் போட்டு, நேரம் போட்டு, என் மேசைக்கு வரும். நான் ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் சிங்கள எழுத்திலிருந்து தமிழை மீட்டெடுத்து எழுதுவேன். வலது பக்கம் அதன் சிங்கள மொழிபெயர்ப்பு. இரண்டும் பென்சிலில்தான். அதை மேஜர் பார்த்துத் திருத்துவார். பிறகு தட்டச்சாகி, மோட்டார் சைக்கிளில் மேலிடத்துக்குப் போகும். மாலையில் துண்டும் பென்சில் தாளும் பின்முற்றத்து வாளியில் எரிக்கப்படும்.

மேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாத மனிதர். என் தாளைக் கையில் எடுத்தால் முதலில் படிக்கமாட்டார், ஒரு தடவை மேலிருந்து கீழே கண்ணை ஓடவிடுவார். அவர் தேடுவது மூன்று சாமான்: அடைப்புக்குறி, ‘இருக்கலாம்’ என்ற சொல், கேள்விக்குறி. கண்டால் சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. “மேல இருக்கிறவங்களுக்கு நேரமில்ல. ஒரு விசயம், ஒரு இடம், ஒரு திகதி. அவ்வளவுதான் வேணும்,” என்பார். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. முன்பு வேறோர் இடத்தில் அவர் அனுப்பிய எச்சரிக்கையில் ‘தாக்கக்கூடும்’ என்று எழுதியிருந்தாராம். ‘கூடும்’ தானே என்று அதை யாரோ மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார்கள். அவருக்குப் பேர் தெரிந்த பொடியன்கள் செத்தார்கள். அன்றிலிருந்து சந்தேகம் என்பது அவருக்கு ஒரு குற்றம். அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.

எதிர் மேசையில் குசும். பல்லேபொல ஊர். சிங்களத் தட்டச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை. என்னை ‘நானா’ என்பாள், நான் அவளை ‘நங்கி’ என்பேன், அண்ணன் தங்கை முறை. அவள் கணவர் பந்துல அந்த வடக்கு முகாமில் சிப்பாய். மூன்று வயதில் ஒரே மகள். மாதம் ஒரு கடிதம் வரும். கடித உறையில் முகாமின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும் இருக்கும். அந்த இலக்கம் எங்களிருவருக்கும் மனப்பாடம். அறிக்கையில் அந்த இலக்கம் வராத நாளெல்லாம் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

இன்னுமொருவர் நடராசா அண்ணன். எங்கள் பங்களாவுக்குப் பக்கத்து வளவில் காணிக் கந்தோர், அங்கே எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பகல் சாப்பாட்டுக்கு இரண்டு வளவுக்கும் பொதுவான பலாமரத்தடி வாங்கில் சேர்ந்து உட்காருவோம். பழகிய புதிதில் ஒருநாள், “சரி ஐசே, நான் வெளிக்கிடப் போறன்,” என்றார். எங்கள் பக்கத்தில் ‘வெளிக்கு’ என்றால் வேறு அலுவல். நான் மரியாதையாகக் கக்கூஸ் இருக்கும் திசையைக் காட்டினேன். அவர்கள் ஊரில் ‘வெளிக்கிடுவது’ என்றால் புறப்படுவது என்று விளங்கியபோது இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். உண்மையைச் சொன்னால் என் வடக்குத் தமிழ் அகராதி அவர்தான். அவருடைய சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிய சொற்களை வைத்துத்தான் அடுத்த வளவில் நான் சம்பளம் வாங்கினேன். அது அவருக்குத் தெரியாது.

மேஜருக்கு அந்தச் சாப்பாட்டுக் கூட்டு பிடிக்கவில்லை. “ஜவ்பர், மரத்தடியில என்ன பேசுறீங்க?” என்று ஒருநாள் கேட்டார். “கறி பத்தி, சேர்,” என்றேன். “கறியோட நிறுத்திக்குங்க,” என்றார். குரல் உயரவில்லை.

அந்தத் துண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் வந்தது. அன்று காலை பேசியதுதான். சின்னத் துண்டு. சாமான் எல்லாம் வந்துவிட்டது, இன்ன நாள் விடியக்காலை இந்த இடத்துக்கு வெளிக்கிடுகிறோம் என்பது அதன் சாரம். இடம் தெளிவாக இருந்தது. குசும் வீட்டுக் கடித உறையில் இருக்கிற அதே முகாம். நாள் இருக்க வேண்டிய இடத்தில், சிங்கள எழுத்தில், இரண்டு சொற்கள் இருந்தன: ‘நாளை’, சற்று இடைவெளி, ‘இண்டைக்கு’.

நாளையா, இன்றைக்கா? இன்றைய விடியல்தான் போய்விட்டதே. பேசியவன் வாய் தடுமாறி ‘இண்டைக்கு’ என்று சேர்த்துவிட்டான் போலும் என்று நினைத்தேன். அப்படியானால் நாளை, புதன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் ‘நாளன்னைக்கி’ என்று சொல்வதும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று இப்போது தெரிகிறது. கேட்டவன் எழுத்தில் போட்ட அந்த இடைவெளி இல்லாதிருந்தால் என் காது பிடித்திருக்குமோ என்னவோ. வலது பக்கத்தில் ‘நாளை’ என்று எழுதி, அதன் தலையில் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஓரத்தில், ‘நாள் உறுதியில்லை, வடபகுதித் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கேட்பது நல்லது’ என்றும் எழுதினேன்.

மேஜர் தாளைக் கண்ணால் ஓட்டினார். சிவப்புப் பென்சில் நின்றது.

“யாருகிட்டக் கேக்கிறது?” என்றார். எங்கள் பேச்சு எப்போதும் சிங்களத்தில்தான், இங்கே நம் தமிழில் எழுதுகிறேன். “மரத்தடியில இருக்கிறாரே, அவருகிட்டயா?”

நான் தாளைப் பார்த்தேன்.

“முகாமில இருக்கிற பொடியன்களோட உசிர் இது. இதைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்து ஆள்கிட்டக் காட்டச் சொல்றீங்களா?”

“காட்டத் தேவல்ல சேர். ஒரு சொல்லு மட்டும்...”

“துண்டில நாளைன்னு இருக்கா, இல்லையா?”

“இருக்கு, சேர்.”

“அப்ப நாளைக்கு. புதன். சரியா?”

“சரி, சேர்,” என்றேன்.

என் வேலைக்காலம் முழுவதிலும் நான் சொன்ன எத்தனையோ ‘சரி சேர்’களில் அந்த ஒன்றைத்தான் திருப்பி வாங்க விரும்புகிறேன். அவர் கேள்விக்குறியை வெட்டினார், ஓரக்குறிப்பை வெட்டினார். தாள் குசும் மேசைக்குப் போனது.

அவள் தட்டத் தொடங்கி, இலக்கம் வந்த இடத்தில் நிறுத்தினாள். பிறகு தட்டி முடித்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை. மேஜர் உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் என்னைப் பார்த்தாள்.

“நானா, அவருக்கு நாளைக்கிக் காலையில லீவு. வெள்ளிக்கிழமை மகளுக்கு முதல் எழுத்து வாசிக்கிற சுபநேரம். அதுக்குத்தான் வாரதா இருந்திச்சு.”

“லீவெல்லாம் நிப்பாட்டிடுவாங்க, நங்கி. எல்லாரும் ஆயத்தமா இருப்பாங்க. அதுதானே நல்லது.”

“புதன் கடந்திட்டா பயமில்லையே?”

வெட்டப்பட்ட கேள்விக்குறி அவளுக்கும் தெரிந்திருக்கும், அந்தத் தாளைப் பார்த்துத்தானே தட்டினாள். என் வாயிலிருந்து கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

“புதன் போனாப் போச்சு,” என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேன். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன அருகதை இருந்தது?

பகல் மரத்தடிக்குப் போனேன். நடராசா அண்ணன் பார்சலைப் பிரித்துக்கொண்டே, “என்ன ஐசே, இண்டைக்கு வாய் கட்டிப்போட்டிருக்கு?” என்றார்.

“ஒண்ணுமில்ல அண்ணே. தலவலி.”

“பிளேன்டீ ஒண்டு குடியும், போயிடும்.”

கேட்டிருக்கலாம். கறியைப் பற்றிப் பேசுவதுபோலக் கேட்டிருக்கலாம். மூன்று விநாடி வேலை. ஆனால் காலையில் வந்த சொல்லை மதியம் வெளியே கொண்டுபோனால் என் வேலை போகும், அவர் தலைக்கும் ஆபத்து வரும் என்று பயந்தேன். அந்தக் காலத்தில் அது வீண் பயமும் அல்ல. சோற்றை அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

செவ்வாய் மாலையே முகாம் முழுவதும் விழிப்பில் வைக்கப்பட்டது. விடுமுறைகள் ரத்து. எல்லோரும் பதுங்குகுழியில், நல்ல மழையில், கண் மூடாமல் புதன் விடியும்வரை இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பகலும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மேஜரே நிம்மதியாக மூச்சுவிட்டு, “நமக்கு விசயம் தெரிஞ்சிடுச்சுன்னு பயந்திட்டாங்க,” என்றார். புதன் பின்னேரம் முகாமுக்குப் பொறுப்பாயிருந்த இளம் லெப்டினன்ட், நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த தன் ஆட்களைப் பார்த்து, காவலுக்குச் சிலரை மட்டும் வைத்துவிட்டு மற்றவர்களைப் படுக்கச் சொன்னார். ரத்தான விடுமுறைகளையும் திருப்பிக் கொடுத்தார். பந்துல வியாழன் காலை முதல் லொறியில் வருவதாக இருந்தது.

வியாழன் விடியக்காலை அடித்தார்கள்.

ஒன்பது மணிக்கு எங்களுக்குச் செய்தி வந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதப்போவதில்லை. லெப்டினன்டும் போய்விட்டார். பந்துலவின் பெயர் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்வது குசுமின் வேலை என்பதை அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். மேஜர் அதைத் தன் கையாலேயே எழுதினார். அவளை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் நான் உட்கார்ந்து போனேன். வழியில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “புதன்தானே நானா சொன்னாங்க?”

எனக்கு உண்மை தெரியவந்தது அதற்கு அடுத்த வியாழன். மரத்தடியில், மனதை மாற்றுவதற்காக, சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி நடராசா அண்ணனைக் கூப்பிட்டேன்.

“சனிக்கிழமை நான் இங்க நிக்கமாட்டன் ஐசே. நாளையிண்டைக்கெல்லோ கொழும்புக்குப் போறன். தங்கச்சியின்ர மகளுக்குக் கலியாணம்.”

இடைவெளியில்லாமல், ஒரே சொல்லாக, ஒரே மூச்சில் சொன்னார். என் கையில் சோறு அப்படியே நின்றது.

“நாளைக்கா? நாளைக்கி வெள்ளிக்கிழமதானே அண்ணே?”

“நாளைக்கில்லை ஐசே, நாளையிண்டைக்கு. நாளைக்கு அடுத்த நாள். என்ன, உங்களிட்ட இந்தச் சொல் இல்லையோ?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ‘வெளிக்கிட்ட’ கதையைப் போல இதுவும் ஒரு பகிடி என்று நினைத்துவிட்டார், பாவம். நான் எழுந்து கை கழுவப் போய், குழாயடியில் வெகுநேரம் நின்றேன். அவருடைய மேசைக்கும் என்னுடைய மேசைக்கும் இடையே நாற்பது அடிகூட இராது.

நேராக மேஜரிடம் போனேன். சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கதிரையில் உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலை மேசையில் உருட்டினார். அவர் கண்கள் கலங்கியதை நான் பார்த்தேன்.

“துண்டு எங்க?” என்றார் கடைசியில்.

“எரிச்சாச்சு, சேர்.”

“விசாரணை வருது. நாங்க எச்சரிக்கை அனுப்பினோம், அது ஆவணத்தில இருக்கு. முகாம் அவசரப்பட்டுக் காவலைத் தளர்த்திடுச்சு. அதுவும் ஆவணத்தில இருக்கு.” பென்சிலை வைத்துவிட்டு, “செத்துப்போன லெப்டினன்டுக்கு இனிப் பதவி உயர்வா கிடைக்கப் போகுது? உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்க, ஜவ்பர்,” என்றார்.

விசாரணையில் என்னை அழைத்துக் கேட்டது ஒரே கேள்வி. எச்சரிக்கை முன்கூட்டியே அனுப்பப்பட்டதா? ஆம் என்றேன். அது பொய்யல்ல. எச்சரிக்கை போயும் அலட்சியம் செய்தவர் என்று லெப்டினன்டின் பெயர் எழுதப்பட்டது. எங்கள் பிரிவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. மேஜர் அதைச் சுவரில் மாட்டவில்லை, அலுமாரிக்குள் வைத்தார்.

உளவு தோற்றது என்று பத்திரிகைகளில் படிக்கும்போது, செய்தி கிடைக்காமல் போய்விட்டது என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நான் இருந்த அறைக்கு மணியோசை வந்தது. இரண்டு நாள் முந்தியே, பிசகாத இடத்துக்கு வந்தது. அதைக் காதில் வாங்கத் தெரிந்த மனிதரை இந்த நாடு கதவுக்கு வெளியே மரத்தடியில் உட்காரவைத்திருந்தது. அதைவிடப் பெரிய தோல்வி அதற்குப் பிறகு நடந்தது. பிழை எங்கே என்று எழுதப்படாததால் யாரும் எதையும் திருத்தவில்லை. வடக்குத் தமிழ் தெரிந்த ஒருவரை அந்த அறைக்கு எடுக்கவுமில்லை. துண்டுகள் தொடர்ந்து வந்தன, நான் தொடர்ந்து மொழிபெயர்த்தேன், கேள்விக்குறி போடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

குசும் வேலைக்குத் திரும்பவில்லை. ஓய்வூதியமும் ஒரு சிறு கடையுமாகப் பிள்ளையை வளர்த்தாள் என்று கேள்விப்பட்டேன். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவேன். நேரில் போனதில்லை.

சென்ற மாதம்தான் போனேன். பல்லேபொலவில் இறங்கி, மிளகுக்கொடி படர்ந்த வேலியோரமாக நடந்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். முடி நரைத்திருந்தது. “அடே, ஜவ்பர் நானா!” என்று கதிரை போட்டாள். தேநீர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லாமலே திரும்பியிருப்பேன். துண்டு, இடைவெளி, மரத்தடி, மேஜரின் அறை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எதற்கும் ஆயத்தமாக இருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்த லெப்டினன்ட் மாத்தயா மேல பிழையில்லையா?” என்றாள்.

“அவர் மேல ஒரு பிழையுமில்ல, நங்கி. நாங்க குடுத்த நாள் கடந்ததுக்குப் பிறகுதான் அவர் ஆக்களைப் படுக்கவிட்டார்.”

“அவரோட அம்மாவுக்கு ஊர் வஹகோட்டை. தெரியுமா?”

எனக்குத் தெரியாது.

“இவர் செத்து ஒரு வருசத் தானத்துக்கு இங்க வந்தாங்க. கையில ஒரு பார்சல். ‘என் மகனும் உங்க வீட்டு ஆளும் ஒண்ணா இருந்து ஒண்ணாப் போனாங்க மகள், நானும் உங்களோட உக்காரட்டுமா’ன்னு கேட்டாங்க. உங்க மகன்தான் எங்க வீட்டு ஆளைத் தூங்கவெச்சுக் கொன்னான்னு சொல்லி, அந்தப் படியில வெச்சே திருப்பி அனுப்பினேன். ஊரே பாத்துக்கிட்டிருந்திச்சு. அதுக்குப் பிறகும் ஒவ்வொரு வருசமும் வந்தாங்க, நானா. படியோட நிப்பாங்க. பார்சலை வெச்சிட்டுப் போயிடுவாங்க. ஒரு தரம்கூட நான் உள்ள கூப்பிடல்ல.”

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. கணவருக்காக அழுது தீர்த்த கண்கள், இது வேறு அழுகை. நான் எழுந்துவிட்டேன்.

“நான் போய்ச் சொல்றேன். இப்பவே போறேன். அந்த அம்மாக்கிட்ட என் வாயாலயே சொல்றேன்.”

“யாருகிட்டச் சொல்லப் போறீங்க?” என்றாள் குசும். “போன பெப்ரவரியில அவங்க செத்திட்டாங்க. நான் சாவு வீட்டுக்கும் போகல்ல.”

நான் ஓய்வுபெற்று ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அதில் எட்டு வருடம் அந்தத் தாய் உயிரோடு இருந்தார். மாத்தளையிலிருந்து வஹகோட்டைக்கு ஒரு பஸ், இறங்கி ஒரு திரீவீல். வேறொன்றும் தேவைப்பட்டிருக்காது.